எலும்பு முன்னோ, தசை முன்னோ?

நம் கல்லூரியின் விலங்கியற் கூடத்திலே, வாயிலுக்கு வலப்புறத்தே, கண்ணாடிப் பேழை ஒன்றினுள் மனித எலும்புக்கூடு ஒன்று நிற்கின்றது. முதலாண்டு மாணவர் அதனை அச்சத்தோடு நோக்குவர். இரண்டாம் ஆண்டினர் நகைத்துச் செல்வர். மூன்றாம் ஆண்டினரோ ஏறெடுத்தும் பாரார். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனாகிய யான் அக்கூடத்திற்குள் செல்லவேண்டிய கடப்பாடு உடையேன் அல்லேன். எனினும், மழைக்கு ஒதுங்கிய ஒருநாள் மாலை அதன்முன் நெடுநேரம் நின்றேன். அப்போது என் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. உயிர்களிடத்து எலும்புக்கூடு இறுதியிற் காணப்படுவது. தோலும் தசையும் நரம்பும் அழிந்தொழிந்த பின்னரே அது வெளிப்படுகின்றது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'ஸ்கெலிட்டன்' என்னும் சொல்லும், 'உலர்ந்தது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததே. ஆனால், இந்நாளில் இயந்திரங்களைக் கணிப்பொறியில் வரைந்தமைக்கும் வினைஞரிடையே அச்சொல் மாறுபட்ட முறையில் வழங்குகின்றது. அவர்தம் தொழிலில் எலும்புக்கூடே முதலில் எழுகின்றது. தசை பின்னரே வளர்கின்றது. அங்ஙனம் அதனை முதலில் எழுப்புதல் வேண்டுமோ, வேண்டாவோ என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி. வேண்டும் என்பதே என் துணிபு.

தமிழ் பயில்வான் ஒருவனுக்கு இயந்திர வரைவோடு என்ன தொடர்பு என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். அவ்வினா முறையானதே. என் தமையனார் கோயம்புத்தூரைச் சார்ந்த ஓர் இயந்திரசாலையில் வரைவாளராகப் பணிபுரிகின்றார். சென்ற கோடை விடுமுறையில் ஏறத்தாழ ஒரு திங்கள் அவருடன் தங்கியிருந்தேன். பகலெல்லாம் யான் என் பாடநூல்களோடு இருப்பேன். இரவில் அவர் தம் மடிக்கணினியைத் திறந்து அன்றைய வேலையைத் தொடர்வார். அவர்தம் திரையைப் பார்த்துப் பார்த்தும், அவரை வினவி வினவியும் அறிந்தனவே ஈண்டு யான் கூறுவன. இத்துறையில் வல்லவர் குறை காணின் பொறுத்தருள்வாராக.

கணிப்பொறியில் ஓர் இயந்திரத்தை வரைந்தமைக்க இரு நெறிகள் உள. ஒன்று, கீழிருந்து மேற்செல்லும் நெறி. இதில் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே வரையப்பெறும். அச்சினை ஒருவர், தகட்டினை ஒருவர், உருளையினை ஒருவர் என வரைந்து முடித்தபின், அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி முழு இயந்திரம் ஆக்குவர். மற்றொன்று, மேலிருந்து கீழ்வரும் நெறி. இதில் முழு இயந்திரத்தின் நோக்கமும் அது கொள்ளும் இடமும் முதலில் வரையறுக்கப்பெறும். உறுப்புக்கள் அவ்வரையறையினின்றும் பிறக்கும். அவ்வரையறையைத் தாங்கி நிற்பதே வினைஞர் 'ஸ்கெலிட்டன் மாடல்' என வழங்கும் எலும்புக்கூட்டு மாதிரி. அதனுள் இரும்பும் இல்லை, மரமும் இல்லை. தளங்கள், அச்சுக்கோடுகள், புள்ளிகள், வளைகோடுகள், தடிப்பில்லாப் பரப்புக்கள் என்னும் இவையே அதன்கண் உள்ளன. அதற்கு எடை இல்லை; விலை இல்லை; செய்யவும் வாங்கவும் வேண்டிய உதிரிகளின் பட்டியலில் அதன் பெயரும் வாராது. ஆயினும், தொகுதியில் முதலில் வைக்கப்படுவது அதுவே. ஏனை உறுப்புக்கள் யாவும் தத்தம் இடத்தையும் அளவையும் அதனிடமே கேட்டறியும்.

இதற்குத் தமிழில் என்ன பெயர் இடலாம் என்று தமையனார் ஒருநாள் என்னை வினவினார். எலும்புக்கூடு என்னுஞ் சொல் சாவினை நினைப்பூட்டுகின்றது. நம் பழஞ்சொற்களுள் 'சட்டகம்' என்பது ஒன்று. அச்சொல் ஒரு பொருளைத் தாங்கும் சட்டத்தையும் உணர்த்தும், உடலையும் உணர்த்தும். பின்னர் உடலாகப் போகும் ஒன்றின் முதற் சட்டத்தைக் குறிக்க இதனினும் ஏற்றதொரு சொல் எனக்குத் தோன்றவில்லை. ஆகலின், இனி இக்கட்டுரையில் அதனைச் சட்டகம் என்றே குறிப்பேன்.

சட்டகத்தின் இயல்பினை நாம் அனைவரும் அறிந்த மிதிவண்டியைக் கொண்டு விளக்குதல் எளிது. மிதிவண்டி ஒன்றினை வரையப் புகுவான், குழாயும் சக்கரமும் சங்கிலியும் வரைவதற்கு முன்னர், ஒரு தாளில் சில கோடுகளே இடுகின்றான் எனக் கொள்வோம். நிலம் ஒரு கோடு. அதன்மேல் பின்சக்கரத்தின் நடுப்புள்ளி ஒன்று, முன்சக்கரத்தின் நடுப்புள்ளி ஒன்று. அவ்விரண்டினுக்கும் இடையே, சற்றுத் தாழ, மிதிகள் சுழலும் அச்சின் புள்ளி ஒன்று. அதினின்று மேலெழுந்து பின்சாயும் இருக்கைக் கோடு ஒன்று. முன்னே, கைப்பிடி திரும்பும் அச்சுக்கோடு ஒன்று. இவ்வளவே சட்டகம். இதில் மிதிவண்டி யாண்டும் இல்லை. எனினும், மிதிவண்டியின் குணம் முழுவதும் இதனுள் அடங்கியுள்ளது.

இது மிகைக் கூற்றன்று. பந்தய வண்டிகளுக்கு வழங்கும் சக்கரத்தில் டயர் அமரும் விட்டம் 622 மில்லிமீட்டர். அதன்மேல் 28 மில்லிமீட்டர் டயர் பூட்டின், சக்கரத்தின் ஆரை 339 மில்லிமீட்டர் ஆகும். கைப்பிடி அச்சு நிலத்தோடு 73 பாகை சாய்ந்திருப்பதாகவும், சக்கரத்தைப் பற்றும் முன்கவை அவ்வச்சினின்று 45 மில்லிமீட்டர் முன்தள்ளி நிற்பதாகவும் கொள்வோம். கைப்பிடி அச்சினைக் கீழ்நோக்கி நீட்டினால், அது நிலத்தைத் தொடும் புள்ளி ஒன்று. சக்கரம் நிலத்தைத் தொடும் புள்ளி அதற்குப் பின்னே மற்றொன்று. இவ்விரண்டின் இடைத்தொலைவு கணக்கிட ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் வரும். இதனை 'ட்ரெயில்' என்பர், பின்னிடை எனலாம். வண்டி நேரே செல்ல விரும்புவதும், சிறு அசைவுக்கே திரும்புவதும் பெரிதும் இத்தொலைவினைப் பொறுத்தன. அச்சின் சாய்வினை 73 பாகையினின்று 72 ஆக்குக. பின்னிடை 63 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஒரு பாகை மாற்றம், ஆறு மில்லிமீட்டர் வேறுபாடு; வண்டி ஓட்டுவான் அதனைக் கையில் உணர்வான். இன்னும், மிதியின்மேல் வைத்த கால்விரல் வளைவில் முன்சக்கரத்தை இடிக்குமோ என்பதும், மிதியச்சுக்கும் முன்சக்கர நடுவுக்கும் உள்ள தொலைவினைக் கொண்டே பெரிதும் அறியப்படும். இவையெல்லாம் ஒரு குழாயும் வரையாமுன்னரே, ஐந்தாறு கோடுகளால் அறியலாகும்.

அசையும் உறுப்புக்களை உடைய இயந்திரங்களிலோ சட்டகத்தின் பயன் இன்னும் பெரிது. நான்கு கம்பிகளை மூட்டுக்களாற் பிணைத்து அமைக்கும் இணைப்பில், ஒரு கம்பி முழுவதும் சுழலவேண்டின், மிகக் குறிய கம்பியும் மிக நெடிய கம்பியும் சேர்ந்த நீளம் ஏனை இரண்டின் நீளத்தை விஞ்சுதல் ஆகாது. கிராஷாப் என்னும் செர்மானியர் பெயரால் வழங்கும் விதி இது. இதனைச் சோதிக்க நான்கு கோடுகளே போதும். கோடு திரையிற் சுழலாவிடின், அதன்மேல் எத்துணை அழகிய எஃகு போர்த்தினும் இயந்திரம் பட்டறையிற் சுழலப்போவதில்லை.

இனி, சட்டகம் இன்மையால் விளையும் தீங்கினைக் கூறுவேன். அது தமையனார்க்கு நேர்ந்தது. அவர்தம் இயந்திரசாலையில் பெட்டிகளை உருளைகளின்மேல் நகர்த்தும் இயந்திரம் ஒன்று வரையப்பெற்றது. ஐவர் ஐந்து பகுதிகளை வரைந்தனர். முழு இயந்திரத்தின் அகலம் இவ்வளவு என்று ஒருநாட் காலைக் கூட்டத்தில் வாய்மொழியாகக் கூறப்பட்டது. அதனைச் சிலர் தம் வரைவில் எண்ணாகவே எழுதினர். சிலர் பக்கத்து உறுப்பின் விளிம்பினைப் பற்றிக்கொண்டு தம் உறுப்பினை வரைந்தனர். உருளை தகட்டினைச் சார்ந்தது; தாங்கி உருளையைச் சார்ந்தது; மோட்டார் அமரும் பலகை தாங்கியின் துளையைச் சார்ந்தது. சில திங்கள் கழித்து, இயந்திரத்தை வாங்குவோர் அகலம் 40 மில்லிமீட்டர் மிகவேண்டும் என்றனர். சார்ந்து நின்ற உறுப்புக்கள் தாமே விரிந்தன. எண்ணாக எழுதப்பட்ட உறுப்புக்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினர். அங்ஙனம் திருத்தப்படாது விடுபட்ட தகடு ஒன்று இருந்தது. அது ஒரு பக்கத்தால் மட்டுமே தொகுதியில் நிறுத்தப்பட்டிருந்தமையின், திரையிற் காண்பார்க்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றிற்று. எஃகு வெட்டப்பட்டது. பதினெட்டுத் தகடுகள் வந்து இறங்கின. ஒன்றன் துளையேனும் எதிர்த் துளையோடு பொருந்தவில்லை.

அத்தகட்டினை வரைந்தவர் என் தமையனார். ஐவருள் இளையவரும் அவரே. பிழை அவருடையது என்று முடிவு செய்யப்பட்டது. அவ்வாண்டு அவருக்கு ஊதிய உயர்வு மறுக்கப்பட்டது. அவர் இதனை என்னிடம் கூறுங்கால் சினமின்றியே கூறினார். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவர் எழுதிய எண் எழுதிய நாளில் சரியான எண்ணே. பின்னர் அது மாறியது. மாறிய எண் எங்கே வாழ்கின்றது, யார் அதற்குப் பொறுப்பாளர், அதனைச் சார்ந்து நிற்பன எவை என்பதை யாரும் யாண்டும் எழுதி வைத்திலர். ஓர் உண்மை ஏழிடத்தில் எழுதப்படுமாயின், ஒருநாள் அவ்வேழும் ஒன்றோடொன்று முரணும். முரணுங்கால் பழி கடைசியிற் கோடிட்ட சிறியவன்மேல் விழும். முறையின்மையால் நேர்ந்த குற்றத்திற்கு ஆளைத் தேடிப் பிடிப்பது நம் நாட்டில் மட்டுமன்று, எந்நாட்டிலும் எளிதாகவே நடைபெறுகின்றது.

அடுத்த இயந்திரத்தை வரையும் பொறுப்பு வேறொரு முதிய வரைவாளர் கைக்கு வந்தது. அவர் இரண்டு நாள் உறுப்பு ஒன்றும் வரைந்திலர். கோடுகளும் தளங்களுமே இட்டுக்கொண்டிருந்தார். வேலை நடைபெறவில்லையே என்று மேலிடத்தார் முணுமுணுத்தனர். மூன்றாம் நாள் அவர் ஐவரையும் அழைத்து, "அகலம் இங்கே இருக்கிறது, உருளைகளின் இடைவெளி இங்கே, மோட்டாருக்கு ஒதுக்கிய இடம் இந்தப் பெட்டிக்குள். இவற்றை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவருடைய உறுப்பைத் தொட வேண்டாம்" என்றாராம். வாங்குவோர் இம்முறையும் அளவினை மாற்றினர். முதியவர் சட்டகத்தில் ஓர் எண்ணை மாற்றினார். உறுப்புக்கள் யாவும் புதிய அளவிற்கு வந்தன; இரண்டு மட்டும் வரமாட்டாமல் திரையில் செந்நிறங் காட்டி நின்றன. அவ்விரண்டையும் அன்றே திருத்தினர். சட்டகத்தின் பெருமையை யான் உணர்ந்தது அச்செந்நிறத்தைப்பற்றிக் கேட்டபோதுதான். பிழை நேராமற் காக்கும் ஆற்றல் எந்த முறைக்கும் இல்லை. பிழை நேர்ந்தால் அது பட்டறையிற் சென்று வெளிப்படாமல், திரையிலேயே கூவி எழுமாறு செய்வதே நல்ல முறையின் இலக்கணம்.

இத்தகைய சார்புகள் கணிப்பொறிக்கு எங்ஙனம் வந்தன என்பதும் அறியத்தக்கது. 1963 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்பார் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் வரைவு முறையினை ஆக்கினார். அதில் ஒளிக்கோலால் திரையிற் கோடிடலாம். இவ்விரு கோடுகளும் இணையாதல் வேண்டும் என்று கட்டளையிட்டால் இயந்திரம் அவ்வுறவினைக் காக்கும். 1985 இல் ஸாமுவேல் கைஸ்பர்க் என்பார் தொடங்கிய நிறுவனம் 1988 இல் 'புரோ எஞ்சினியர்' என்னும் மென்பொருளை வெளியிட்டது. அது பின்னர் 'கிரியோ' எனப் பெயர் பெற்றது. ஓர் அளவினை மாற்றினால் அதனைச் சார்ந்தன யாவும் மாறும் வரைவு முறை அதன் வழியே தொழில் உலகிற் பரவிற்று. தாளில் வரைந்த காலத்தில் ஒரு கோட்டிற்கும் மற்றொரு கோட்டிற்கும் உறவு வரைவோன் நினைவில் மட்டுமே இருந்தது. இப்போதோ உறவு கோட்டிலேயே குடியேறிவிட்டது. உறவு ஒரு பெரும்பேறு. அதுவே ஒரு பெருந்தளையும் ஆகும். எதனை எதனோடு உறவாக்குவது என்று முன்னரே எண்ணாதவன் கையில் அது சிக்கலாகி முடியும். சட்டகம் அச்சிக்கலுக்கு மாற்றாகவே எழுந்தது.

யான் கூறுவது ஒரு சிறு இயந்திரசாலையின் செய்திதானே என்று கருதற்க. போயிங் நிறுவனத்தாரின் 777 என்னும் வானூர்தி 1994 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் நாள் முதன்முதற் பறந்தது. அது முழுவதும் கணிப்பொறியில் வரைந்தமைக்கப்பெற்றது. உறுப்புக்களை உலோகத்திற் செய்யுமுன்னர், பல குழுவினரும் வரைந்த பகுதிகளைத் திரையிலேயே ஒன்றாகப் பொருத்திப் பார்த்தனர். சில ஆண்டுகளுக்குப் பின்னர், ஐரோப்பாவின் ஏர்பஸ் நிறுவனத்தார் A380 என்னும் பெரு வானூர்தியை அமைக்கத் தொடங்கினர். இவ்வெழுத்தினைத் தமிழில் ஏ380 என எழுதுவோம். பிரான்சு, செர்மனி, பிரிட்டன், ஸ்பெயின் ஆகிய நாடுகளிற் செய்த பகுதிகள் பிரான்சின் துலூசு நகரில் ஒன்றாயின. ஒரு வானூர்தியினுள் ஓடும் மின்கம்பியின் நீளம் ஏறத்தாழ 530 கிலோமீட்டர். செர்மனியின் ஹாம்பர்க் நகரத்து வரைவாளர் 'காட்டியா' என்னும் மென்பொருளின் நான்காம் பதிப்பினையும், துலூசு நகரத்தார் அதன் ஐந்தாம் பதிப்பினையும் கையாண்டனர். ஓரிடத்துச் செய்த மாற்றம் மற்றோரிடத்துச் செவ்வனே சென்றடையவில்லை. கம்பிகளைப் பொருத்தப் புகுந்தபோது அவை நீளம் போதாமல் நின்றன. 2006 ஆம் ஆண்டில் காலத்தாழ்ப்பு மேன்மேலும் அறிவிக்கப்பட்டது. முதல் வானூர்தி 2007 அக்டோபர் 15 ஆம் நாளே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்தார் கைக்குச் சென்றது. சட்டகம் இன்மை ஒன்றினாலேயே இது விளைந்தது என்று கூறின் அது நேர்மையாகாது. ஆயினும், தமையனாரின் பதினெட்டுத் தகடுகளுக்கும் அந்த நெடுங்கம்பிகளுக்கும் நோய் ஒன்றே. எல்லார்க்கும் பொதுவான உண்மை எல்லார்க்கும் ஒன்றாய் இல்லை.

இனி, சட்டகத்தை மறுப்பார் கூற்றுக்களை ஆராய்வோம். அது காலத்தை வீணாக்கும் என்பது முதற் கூற்று. இது தொடக்கத்தை மட்டும் பார்ப்பவர் கூற்று. முதியவர் செலவிட்ட இரண்டு நாள் கண்ணுக்குத் தெரிகின்றது. பதினெட்டுத் தகடுகளைத் திரும்ப வெட்டிய நாட்களோ எந்தக் கணக்கிலும் வரையப்படாமல் மறைந்தன.

இரண்டாவது கூற்று வலிமை உடையது. முற்காலத்தில் மத்தியதரைக் கடலில் ஓடிய கப்பல்கள் பலவற்றை, முதலில் வெளிப்பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்திக் கூடாக்கி, அதன் பின்னரே உள்ளே விலாச் சட்டங்களை அமைத்துக் கட்டினர். நூற்றாண்டுகள் பல கழிந்த பின்னரே சட்டத்தை முதலில் நிறுத்தும் வழக்கம் மெல்ல மெல்ல வந்தது. தோலை முதலிற் செய்தும் கடல் கடந்தனரே, எலும்பு முன் வேண்டும் என்பது யாங்ஙனம் என்று வினவலாம். விடை இது: அக்கப்பலின் சட்டகம் தலைமைத் தச்சன் கண்ணில் இருந்தது. அவன் ஒருவன், அவன் நின்ற கரை ஒன்று, பலகை ஒவ்வொன்றும் அவன் கைப்பார்வையில் வளைந்தது. ஒருவன் உள்ளத்திற் கொள்ளக்கூடியதற்குப் புறத்தே சட்டகம் வேண்டுவதில்லை. வேலை பலர் கைக்கும் பல ஊர்க்கும் பிரியும் போதோ, தச்சன் கண்ணில் இருந்தது எல்லார்க்கும் காணும் இடத்தில் வந்து நிற்றல் வேண்டும்.

சட்டகம் வரைவாளனின் உரிமையைப் பறிக்கும் என்பது மூன்றாவது கூற்று. இதற்கு மட்டும் தமிழ் மாணவன் என்னும் முறையில் விடை கூற விரும்புகின்றேன். வெண்பாப் பாடப் புகும் புலவன், சொல் ஒன்றும் தோன்றுமுன்னரே, ஈற்றடி மூன்று சீராய் முடியும் என்பதனையும், ஏனை அடிகள் நான்கு சீர் பெறும் என்பதனையும், இறுதிச் சீர் இன்ன வாய்பாட்டால் நிற்கும் என்பதனையும் அறிவான். அக்கட்டு அவனை ஊமையாக்கியதுண்டோ? உடலைக் குறிக்கும் யாக்கை என்னுஞ் சொல்லும், செய்யுட் கட்டினைக் குறிக்கும் யாப்பு என்னுஞ் சொல்லும், கட்டுதல் என்னும் ஒரே பொருளடியாகப் பிறந்தவை. எல்லை அறியாதவனே பக்கத்தானை நோக்கி அஞ்சி அஞ்சி வரைவான். மோட்டார்க்கு இப்பெட்டி அளவு இடம் என்று அறிந்தவனோ, அப்பெட்டியினுள் தன் அறிவு சென்றவாறெல்லாம் வரையலாம். அயலான் உறுப்பு மாறினும் அவன் உறுப்பு சிதையாது.

ஆயினும், சட்டகத்தைப் புகழ்வதோடு நின்றுவிடின் என் கடமை முடியாது. அளவுக்கு மிஞ்சிய சட்டகம் சட்டகம் இன்மையினும் கொடிது. ஆணியின் தலையும் விளிம்பின் வளைவும் சட்டகத்துள் ஏறுமாயின், எலும்பு தசையைச் சுமந்து தள்ளாடும். சிறு மாற்றமும் முழு இயந்திரத்தையும் உலுக்கும். இரண்டு உறுப்புக்களேனும் பங்குகொள்ளாத ஒன்று சட்டகத்துள் இருத்தல் ஆகாது. ஓர் உறுப்பின் துளையும் எதிர் உறுப்பின் துளையும் பொருந்தவேண்டின், அவ்விரண்டிற்கும் தாயான வட்டம் சட்டகத்தில் இருக்கட்டும். ஓர் உறுப்புக்கே உரிய துளை அவ்வுறுப்பிலேயே இருக்கட்டும்.

மேலும், உறுப்புக்கள் சட்டகத்தைச் சாரவேண்டும். சட்டகம் உறுப்புக்களைச் சாரலாகாது. சட்டகம் தகட்டினை நோக்கி, தகடு சட்டகத்தை நோக்குமாயின், வினா வினாவையே சுற்றிவரும் சுழல் உண்டாகும். கணிப்பொறி அதனுட் சிக்கித் திகைக்கும். பெரிய இயந்திரத்திற்கு ஒரே சட்டகம் போதாது. தலைமைச் சட்டகத்தினின்று பிறந்த கிளைச் சட்டகங்கள் ஒவ்வொரு பகுதிக்கும் வேண்டும். திருகாணி, பேரிங், மோட்டார் முதலியனவாகக் கடையில் ஆயத்தமாய்க் கிடைப்பனவற்றைச் சட்டகத்தினின்று பிறப்பிக்க முயல்வதும் பேதைமை. அவை கீழிருந்தே வரட்டும். இரு நெறிகளும் தத்தம் இடத்தில் நன்றே.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. சட்டகத்தினை மாற்றும் உரிமை ஒருவர்க்கே இருத்தல் வேண்டும். மாற்றுக எனக் கேட்கும் உரிமை எல்லார்க்கும் இருத்தல் வேண்டும். உறுப்பினை வரைபவனே இரும்பின் அருகில் நிற்பவன். தன் பெட்டியினுள் மோட்டார் அடங்காது என்பதனை அவனே முதலில் அறிவான். அவன் குரல் மேலே சென்று சேராதாயின், மேலிருந்து கீழ்வரும் நெறி மேலிருந்து வரும் அடக்குமுறையாய் முடியும். நிலைமை அறியாமுன் வகுத்த சட்டகத்தை மாற்ற மறுப்பவன், ஆறு மில்லிமீட்டர் வேறுபாட்டினைக் கையால் உணர்ந்து வந்து கூறும் ஓட்டுநனை, "என் கோடு அங்ஙனம் கூறவில்லை" என்று திருப்பி அனுப்புபவனை ஒப்பான். சட்டகம் எழுதப்பட்டிருப்பதன் சிறப்பே, பிழை யார் முடிவில் நேர்ந்தது என்பதனை அது காட்டிவிடும் என்பதாகும். சிறியோனைக் காக்கும் அவ்வொளி பெரியோன் முகத்திலும் படவேண்டும்.

இப்பொருளை நம் இதழில் எழுதுதற்குக் காரணம் உண்டு. பொறியியற் கல்லூரிகளில் பயிலும் நண்பர் சிலரை வினவினேன். தனி உறுப்பு வரைதலும், வரைந்தவற்றைப் பொருத்துதலும் அவர்க்கு நன்கு கற்பிக்கப்படுகின்றன. சட்டகம் பற்றி அவர்களுள் ஒருவரே கேட்டிருந்தார். பொருத்தக் கற்பிக்குமுன்னர் வகுக்கக் கற்பித்தல் வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். நால்வர் சேர்ந்து ஓர் இயந்திரம் வரையும் பயிற்சி கொடுத்து, நடுவே ஆசிரியர் ஓர் அளவினை மாற்றுவாராக. எவர் வரைவு தாங்குகின்றது, எவர் வரைவு சிதைகின்றது என்பதனை மாணவர் தாமே காண்பர்.

என் இரண்டாம் வேண்டுகோள் தமிழ் பயிலும் தோழர்க்கு. வரைவாளர் நாள்தோறும் நூறு சொற்களை ஆங்கிலத்திலேயே வழங்குகின்றனர். அவர்தம் இயந்திரசாலையில் எஃகு வெட்டுபவரும் துளையிடுபவரும் தமிழே பேசுகின்றனர். இவ்விருவர்க்கும் இடையே உள்ள இடைவெளியிலும் தகடுகள் வீணாகின்றன. நாம் அகராதியோடு அமர்ந்து சொல் ஆக்குவது போதாது. அவர்தம் திரையின் அருகே சென்று அமர்ந்து, பொருள் இன்னது என்று அறிந்து, அவர் வாயில் நிற்குஞ் சொல்லை ஆக்குதல் வேண்டும். பின்னிடை என்னுஞ் சொல் நிற்குமோ நில்லாதோ யான் அறியேன். சட்டகம் என்னுஞ் சொல்லைத் தமையனார் இப்போது தம் தோழரிடையே வழங்குகின்றார்.

விடுமுறை முடிந்து யான் புறப்பட்ட அன்று அவர் அறையினை ஒருமுறை நோக்கினேன். சுவரில் இரு செங்கற்களின்மேல் எஃகுத் தகடு ஒன்று கிடந்தது. அதன்மேல் அவர்தம் நூல்கள் அடுக்கப்பட்டிருந்தன. அப்பதினெட்டுள் ஒன்று அது. துளைகள் வரிசையாகவும் நேர்த்தியாகவும் இருந்தன. 40 மில்லிமீட்டர் மட்டுமே குறைவு. பலர் கூடிச் செய்யும் எவ்வினையிலும், எல்லார்க்கும் பொதுவானதனை முதலில், ஓரிடத்தில், பொறுப்பேற்பான் ஒருவன் பெயரோடு எழுதி வைத்துவிட்டு, அதன் பின்னர்த் தசை வளர்ப்போமாக.